இழைப்புளிக்கு மணலைக் காட்டாதீர்கள்

வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்த பலகை ஒன்று கைக்குக் கிடைத்தால், பெரும்பாலோர் முதலில் தேடுவது தண்ணீர்க் குழாயை. வசதி இருந்தால் பிரஷர் வாஷர். சிங்கப்பூரில் இதைவிடத் தப்பான தொடக்கம் வேறில்லை. தண்ணீர் பட்ட பலகை இங்கே லேசில் காயாது. அதைவிட மோசம், மேலோடு கிடந்த மணலைத் தண்ணீரின் வேகம் வெடிப்புகளுக்குள் இறக்கிவிடும். பலகை பார்க்கப் பளிச்சென்று இருக்கும். இழைப்புளியின் கத்திக்கு மட்டும் உண்மை தெரியும்.

இழைப்பதற்கு முன் சுத்தம் செய்வது பலகையை அழகாக்க அல்ல, கத்தியைக் காப்பாற்ற. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகப் புரியும்.

சாம்பல் நிறத்தையே எடுத்துக்கொள்வோம். மரத்தின் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. சிதைந்ததை மழை அலசிக்கொண்டு போகிறது. மிஞ்சிய வெளுத்த நார்மேல் கரும்பூஞ்சை குடியேறுகிறது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அந்தச் சாம்பல் படலம் கால் மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அதற்குக் கீழே பழுப்பேறிய பகுதியையும் சேர்த்தால்கூட 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். சில ஓட்டங்களில் சுருளாகப் போகப்போகிற நிறத்தை வெளுக்க அமிலமும் பிளீச்சும் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை.

மணல் அப்படியல்ல. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் 7. நன்றாகப் பதம் ஏற்றிய எஃகுக் கத்தியும் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. ஒரே ஒரு மணி போதும், கூரில் பல் விழ. பல் விழுந்த கத்தி அதற்குப்பின் இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும், ஒரே இடத்தில், தலை முதல் கால் வரை மெல்லிய வரப்பு ஒன்றை விட்டுக்கொண்டே போகும். கார்பைட் கத்தி மணலை ஓரளவு தாங்கும். ஆனால் அது நொறுங்கும் இனம். ஆணி பட்டால் கூர் தெறித்துவிடும்.

இங்கே பழைய மரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அழுக்கின் குணமும் மாறும். லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கும் மற்ற பழைய வட்டாரங்களிலும் கடைவீடுகளைப் பழுதுபார்க்கும்போது செங்கால், பாலாவ் போன்ற கனத்த மரத்தில் செய்த உத்தரங்களும் கைமரங்களும் கழன்று வரும். இவற்றின் ஆபத்து முனைகளில். சுவருக்குள் புதைந்திருந்த பாகத்தில் சுண்ணாம்புச் சாந்து ஏறியிருக்கும். சாந்து என்றாலே மணல். கட்டுமானத் தளத்துச் சட்டங்களில் சிமெண்ட் ஒட்டியிருக்கும். பேலட் பலகைகளில் ஃபோர்க்லிஃப்டும் லாரித் தளமும் அழுத்தி ஏற்றிய பொடிக்கற்கள் நாருக்குள் பதிந்திருக்கும். புளோக்கின் கீழே ஒதுக்கிப்போட்ட தேக்கு அலமாரியில் மணல் குறைவு. ஆனால் தேக்கு தன் உடம்பிலேயே சிலிகா வைத்திருக்கும் மரம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் கத்தியை மழுங்கடிக்கும்.

சுத்தம் செய்யத் தொடங்குமுன், தொடவே கூடாத மரங்களை ஒதுக்கிவிடுங்கள். பேலட்டில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது, எடுக்கலாம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, விட்டுவிடுங்கள். முத்திரை சரியாக இருந்தும் எண்ணெய்க் கறையோ புரியாத ரசாயன நெடியோ இருந்தால் அதுவும் வேண்டாம். கறுத்து, தார் வாசனை அடிக்கும் கட்டைகளில் கிரியோசோட் என்ற நச்சுப் பாதுகாப்பு எண்ணெய் இருக்கும். பச்சை ஓடிய வெளிப்புறச் சட்டங்களில் செம்பும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம்; அதன் தூளைச் சுவாசிக்கக் கூடாது, அந்த மரத்தை எரிக்கவும் கூடாது. பழைய கதவு, ஜன்னல் என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். சிங்கப்பூரில் பெயிண்டின் ஈய அளவுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்ததே 2022இல்தான். ஈயப் பெயிண்டை இழைப்புளியில் விட்டால் வீடு முழுக்க ஈயத் தூள். ரசாயன ரிமூவர் தடவி, ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்துப் பையில் கட்டிவிட வேண்டும்.

கரையான் தின்ற பலகையைத் தட்டினாலே தெரியும். நல்ல செங்கால் கணீரென்று பேசும், அரித்த கட்டை பொத்தென்று இருக்கும். கரையான் போட்ட பாதைகளுக்குள் மண் இருக்கும். உள்ளுக்குள் ஓடிய மண்ணைப் பிரஷ் போட்டு எடுக்க முடியாது. அந்தப் பாகத்தை அறுத்துத் தள்ளுவதுதான் வழி.

இனி வேலை. என்95 முகக்கவசம் இல்லாமல் தொடங்காதீர்கள். பூஞ்சையும் பறவை எச்சமும் காய்ந்த தூளாக மூக்குக்குள் போகும். எச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, சுரண்டி, துடைத்து எடுத்துவிடலாம்.

முதல் பிரஷ், கடினமான நைலான் அல்லது தென்னைநார். நாரின் போக்கிலேயே, ஒரே திசையில், பலகையின் நடுவிலிருந்து முனையை நோக்கித் தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் மணல் நார்களுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மசியாத இடத்துக்குப் பித்தளைக் கம்பிப் பிரஷ். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் கம்பிகள் ஒடிந்து மரத்தில் தங்கும். கத்திக்கு அதுவும் ஆணிதான். தேக்கு, செங்கால் போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால், இங்குள்ள ஈரக் காற்றில் சீக்கிரமே கருநீலப் புள்ளிகள் கிளம்பும். ஆங்கிள் கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டுவது இதையே பத்து மடங்காக்கும். மென்மையான மெராந்தியில் பள்ளமும் விழும்.

பிரஷ் போட்டபின் சுரண்டி. கார்பைட் அலகு உள்ள பெயிண்ட் சுரண்டி நன்றாக வேலை செய்யும். சிமெண்ட் கட்டி இருந்தால் பழைய உளியைப் படுக்கையாக வைத்து, பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். கட்டி முழுசாகத் தெறித்து விழும். நேராகக் குத்தினால் அது தூளாகி மரத்துக்குள் பதியும்.

பெல்ட் சாண்டரில் 40 எண் உப்புத்தாள் மாட்டி மேல்தோலை எடுத்துவிட்டால் வேகமாக முடியுமே என்று தோன்றும். முடியும். ஆனால் உப்புத்தாளில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவில் 9, மணலைவிடக் கடினம். தாளிலிருந்து உதிர்ந்த மணிகள் நாரில் மாட்டிக்கொண்டிருக்கும் பலகையை அப்படியே இழைப்புளிக்குக் கொடுத்தால், ஒரு மணலை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டதாகத்தான் ஆகும். சாண்டர் போட்டே ஆக வேண்டுமானால், பிறகு வாக்யூமால் இரண்டு முறை, நாரின் போக்கில், பிரஷ் முனை வைத்து உறிஞ்சுங்கள்.

வெடிப்புகள்தான் நேரம் தின்னும் இடம். பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி, வெடிப்பு கீழே பார்க்கும்படி வைத்து, மரச் சுத்தியலால் மேலே தட்டுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாள் விரித்தால் எவ்வளவு மண் கொட்டுகிறது என்று பார்க்கலாம். பிறகு உடைந்த ஹேக்ஸா பிளேடின் நுனியை விட்டு வெடிப்பின் நீளம் முழுக்க இழுத்து வாருங்கள். மறுபடி தட்டுங்கள், மறுபடி உறிஞ்சுங்கள். காற்று அடிப்பதானால் முனையைச் சாய்த்து, வெடிப்பின் நீளவாக்கில் அடிக்க வேண்டும். செங்குத்தாக அடித்தால் மண் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

பலகையின் இரு முனைகளையும் அறுத்துத் தள்ளுங்கள். முனை நார் ஆயிரம் வாய் திறந்து மணலை உறிஞ்சி வைத்திருக்கும். 25 முதல் 50 மில்லிமீட்டர் போதும். சுவருக்குள் இருந்த உத்தரம் என்றால் சாந்துக் கறை மறையும்வரை. இதற்கு நல்ல வாளை எடுக்காதீர்கள். பழைய வாளோ மலிவான வட்ட ரம்ப அலகோ போதும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்துப் பிடியுங்கள். மணல் மணிகள் ஒவ்வொன்றும் தன் உயரத்துக்குப் பல மடங்கு நீள நிழல் போட்டுக்கொண்டு மினுங்கும். இன்னொரு சோதனை, மாஸ்கிங் டேப். ஒரு சாண் நீளம் ஒட்டி, நகத்தால் அழுத்தி, பிய்த்து, பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மரத்தூள் மட்டும் வந்தால் சரி. விரலால் தடவும்போது நறநறவென்றால் மறுபடி பிரஷ்.

அடுத்தது ஆணி. இதில் அவசரம் காட்டுபவர்கள்தான் கத்தி விற்கும் கடைக்காரரை வாழவைக்கிறார்கள். தலை தெரியும் ஆணிகளைப் பிடுங்குவது சுலபம். தலை போய் உடம்பு மட்டும் உள்ளே இருப்பதுதான் சிக்கல். அதற்கு மரமே சாட்சி சொல்லும்: ஆணியைச் சுற்றிக் கறுத்த வட்டம், அதிலிருந்து நாரின் போக்கில் இரு பக்கமும் நீளும் கருங்கோடு. அந்த வட்டம் எங்கே தெரிந்தாலும் உள்ளே இரும்பு இருக்கிறது, அல்லது இருந்தது என்று பொருள். வலுவான காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் மெதுவாக நகர்த்தினால், ஆணி உள்ள இடத்தில் நூல் இழுபடும். பித்தளை, செம்பு ஆணிகளையும் பல எவர்சில்வர் திருகுகளையும் காந்தம் காட்டாது. கையடக்க உலோகக் கண்டுபிடிப்பான் வாங்கிவிடுவது நல்லது. ஒரு செட் கத்தியைக் காப்பாற்றினாலே போட்ட பணம் திரும்பிவிடும். தரையில் வைத்துச் சோதிக்காதீர்கள். நம் வீட்டுக் கான்கிரீட் தரைக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. கருவி ஓயாமல் கத்தும். மரக் குதிரைமேல் தூக்கிவைத்து, நான்கு பக்கமும் ஓட்டி, சத்தம் வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் ஆணி எவ்வளவு ஆழத்தில் என்றும் கணிக்கலாம்.

எடுக்கும் முறை: பின்பக்கம் நுனி தெரிந்தால் பஞ்ச் வைத்துத் தட்டி, தலைப்பக்கமாக வெளியேற்றுங்கள். நுனி தெரியாவிட்டால் ஆணியைச் சுற்றிச் சிறு உளியால் குழி எடுத்து, குறடால் கவ்வி, குறடின் தாடையை ஊன்றிச் சாய்த்து இழுங்கள். அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தால் மரம் நசுங்காது. துருவேறி ஒடியும் ஆணிக்கு, அதைவிடச் சற்றுப் பெரிய உட்குழல் துரப்பணத்தால் சுற்றிலும் துளைத்து, மரக்கட்டையோடு சேர்த்து எடுத்துவிட்டு, அதே மரத்தில் ஆப்பு செய்து அடைக்கலாம். பேலட்டின் சுருள் ஆணிகளை நெம்பினால் பலகை பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே உலோகம் அறுக்கும் ரம்ப அலகை விட்டு ஆணியை அறுத்துவிட்டு, பலகையில் தங்கிய தலையைப் பின்னாலிருந்து பஞ்ச் வைத்துத் தள்ளுங்கள். எடுத்தபின் மறுபடி ஒருமுறை கருவியை ஓட்டுங்கள். ஒடிந்த துண்டு ஒன்றாவது உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் எப்போது? களிமண் அப்பிய பலகை, கடல் உப்பு ஏறிய பலகை, இரண்டுக்கும்தான். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இழைப்பு மேசையைத் துருப்பிடிக்கவைக்கும், ஆகவே அலச வேண்டும். வாளியும் பிரஷும் போதும். பிரஷர் வாஷர்தான் என்றால் அகல விசிறி முனை, குறைந்த அழுத்தம், நாரின் போக்கில் சாய்த்து. வீட்டுக் குளியலறையில் கழுவுகிறவர்கள் மண்ணைத் தரைச் சாக்கடையில் விடாமல் வாளியில் தெளியவைத்து எடுத்துவிடுங்கள். அடைத்துக்கொண்டால் கீழ்வீட்டுக்காரரோடும் பேச வேண்டிவரும்.

கழுவிய பலகையைக் காயவைப்பது தனிக் கலை. 20 மில்லிமீட்டர் ரீப்பர் துண்டுகளை 40, 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இடையில் வைத்து அடுக்கி, நிழலில், மேசை விசிறியின் காற்று அடுக்கின் ஊடே போகும்படி வையுங்கள். நேர்வெயில் மேல்தோலை மட்டும் சுருக்கிப் புது வெடிப்பு உண்டாக்கும். தார்ப்பாய் மூடுவதானால் மடிப்பில் மழைநீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். காய்ந்ததா என்று அறிய, பயணப்பெட்டி எடை பார்க்கும் தராசில் ஒரே பலகையைத் தினமும் நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த நாள்களில் எடை மாறாவிட்டால், கழுவியபோது ஏறிய நீர் போய்விட்டது. ஆனால் சிங்கப்பூரின் வெளிக்காற்றில் மரம் 16 விழுக்காடு ஈரத்துக்கு அருகில்தான் நின்றுகொள்ளும். குளிரூட்டிய அறையில் 11, 12க்கு இறங்கும். கொலுப்படியோ ஊஞ்சல் பலகையோ வீட்டுக்குள் இருக்கப்போகிறது என்றால், முரட்டு இழைப்பு முடிந்ததும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, சில வாரம் அந்த அறையிலேயே கிடக்கவிட்டு, பிறகு கடைசித் தடிமனுக்கு இழைப்பது நல்லது.

ஆணிக் கறையைப் போக்கும் ஆக்ஸாலிக் அமிலம் இழைப்புக்குப் பின்தான் தேவைப்படும், அதுவும் கறை ஆழமாக இறங்கியிருந்தால். பிளாஸ்டிக் வாளியில், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம், கையுறையோடு. முழுப் பரப்புக்கும் தடவி, கறை மங்கியதும் இரண்டு முறை நன்றாக அலசுங்கள். அலசாமல் காயவிட்டால் படிகமாகி, உப்புத்தாள் போடும்போது தூளாகப் பறந்து தொண்டையை எரிக்கும்.

முதல் ஓட்டத்துக்கு வருவோம். கை இழைப்புளி என்றால் முரட்டு இழைப்பு, வளைந்த கூர் உள்ள கத்தி, தடிமனான சீவல். பலகையின் தொடக்க முனையிலும் விளிம்பிலும் பழைய உளியால் சாய்வாகச் சீவி, சுத்தமான மரத்தைத் திறந்துவிடுங்கள். கத்தி அந்தச் சாய்வில் நுழைந்து அழுக்குத் தோலுக்குக் கீழே ஓடும். மணல் சீவலின் முதுகில் ஏறிப் போய்விடும். மெல்லிய சீவல் எடுத்தால் கூர் முழுக்க அழுக்குக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும்.

பலகையை ஒரே தடிமனுக்கு இழைக்கும் இயந்திரமான திக்னஸ் பிளேனரிலும் இதே கணக்கு. அதன் கத்தி பலகை வரும் திசைக்கு எதிராகச் சுழல்வதால், ஒவ்வொரு வெட்டும் கீழே புது மரத்தில் தொடங்கி மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். 0.3 மில்லிமீட்டராக நான்கு முறை ஓட்டினால், வளைந்த பலகையின் மேடுகளில் ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் அழுக்குப் பகுதியைச் சந்திக்கும். மெராந்தி என்றால் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் துணிந்து எடுக்கலாம். அகலமான செங்காலில் 1 மில்லிமீட்டரே மோட்டாருக்குப் பாரம். அதன் பின்னிய நார் பிய்ந்துகொண்டும் வரும், ஆகவே குறைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் சிபாரிசு செய்வது, அழுக்குத் தோலை எடுக்க மட்டும் 82 மில்லிமீட்டர் மின் கை இழைப்புளி ஒன்றை ஒதுக்கிவிடுவது. அதன் கார்பைட் அலகு இருபக்கக் கூர் உள்ளது, விலை குறைவு. ஒரு பக்கம் போனால் திருப்பிப் போட்டு, இரண்டும் போனால் எறிந்துவிடலாம். அது தோலெடுத்துக் கொடுத்த பலகை மட்டுமே நல்ல இயந்திரத்துக்குப் போகும். சுங்கை காடுட் பக்கம் கூலிக்கு இழைத்துத் தரும் இடங்களுக்குக் கொண்டுபோவதானால், பழைய மரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆணி இருந்து கத்தி போனால் யார் பொறுப்பு என்பதையும் பேசி முடியுங்கள். இப்படித் தோலெடுத்த பலகையை நீட்டினால் மறுப்பு குறையும்.

வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு மின் இழைப்புளி பெரிய ஆசை. அதன் இரைச்சல் புளோக் முழுக்கக் கேட்கும்; சத்தமான சீரமைப்பு வேலை சனி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறையிலும் கூடாது. தாழ்வாரத்தில் அடுக்கினால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பிரஷ், சுரண்டி, ஆணி பிடுங்குவது, முரட்டுக் கை இழைப்பு ஆகியவற்றை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, இயந்திர ஓட்டத்துக்கு மட்டும் பட்டறைக்குப் போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லாம் செய்தும் வரப்பு விழுந்துவிட்டால் உடனே கத்தி மாற்ற ஓடாதீர்கள். இரண்டோ மூன்றோ கத்தி உள்ள தலையில் ஒன்றைத் தளர்த்தி, திருகுத் துளை இடம் தந்தால், 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி இறுக்குங்கள். ஒன்றின் பல்லை மற்றொன்றின் கூர் சரிசெய்துவிடும். சதுரக் கார்பைட் அலகுகள் பதித்த தலையானால், தெறித்த அலகை மட்டும் கால் வட்டம் திருப்பிப் போடலாம். உட்காரும் குழியில் தூள் இருந்தால் அலகு எழும்பி நின்று புது வரப்பு போடும், அதனால் குழியைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். பலகையை இழுக்கும் உருளைகளிலும் பாருங்கள். குருயிங் போன்ற பிசின் மரம் ஓடியிருந்தால் பிசினும் மண்ணும் சேர்ந்து அங்கே கெட்டியாகியிருக்கும். அது அடுத்த பலகையில் தழும்பு போடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டர்பன்டைன் நனைத்த துணியால் உருளையைத் துடைத்து, மேசைக்கு மெழுகு தேய்த்தபின் அடுத்த பலகையை விடலாம்.